மூச்சுத்தடைச் சிகிச்சை பலன் தருகிறதா? நாமே கண்டறியும் வழிகள்

பால் நிறுக்கும் கொட்டகையில் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்றுண்டு. வாளி நிறையப் பால் வந்து சேர்ந்தாலும், நிறுப்பவர் அந்த நிறையை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடுவதில்லை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் இறக்கி, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்கிறார். மழைத்தண்ணீர் கலந்த பால் வாளியை நிரப்பும். ஆனால் ரப்பரைப் பெருக்காது. இது நம் அனைவருக்கும் தெரிந்த செய்தி.

உறக்கமும் அத்தகையதே. இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால், ஏழு மணி நேரம் உறங்கியதாக நாம் கணக்கிடுகிறோம். ஆயினும், அந்த ஏழு மணி நேரத்தில் மூச்சு நூற்றுக்கணக்கான முறை தடைப்பட்டிருந்தால், அது தண்ணீர் கலந்த பாலைப் போன்றதே. உறக்க மூச்சுத்தடை என்னும் நோயின் இயல்பு இதுதான். ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்லீப் அப்னியா’ என்று அழைப்பர்.

இந்நோய்க்கு இக்காலத்தில் நல்ல சிகிச்சைகள் உள்ளன. ஆனால், சிகிச்சை தொடங்கிய பிறகு இரண்டு வகையான தவறுகள் நேர்கின்றன. பலன் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, “இனி எனக்கு நோயில்லை” என்று எண்ணிச் சிலர் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர், பலன் கிடைக்காத நிலையிலும், “மருத்துவர் கொடுத்தார், நானும் போட்டுக்கொள்கிறேன்” என்று மாதக்கணக்கில் வாளாவிருந்துவிடுகின்றனர். இரண்டுமே ஆபத்தானவை. ஆகவே, சிகிச்சை வேலை செய்கிறதா, இல்லையா என்பதை நாமே எவ்வாறு கண்டறியலாம் என்பதை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

நோயின் தன்மை

நாம் உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் நாக்கும் அவ்வாறே தளர்ந்து பின்னோக்கிச் சரிகின்றன. சிலருக்கு இதனால் மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது. குறுகிய வழியில் காற்று செல்லும்போது எழும் ஓசையே குறட்டை. வழி முழுவதும் அடைபட்டால் மூச்சு நின்றுவிடுகிறது. மார்பு மேலெழுந்து தாழ்ந்து முயன்றுகொண்டிருக்கும்; காற்று மட்டும் உள்ளே செல்லாது. இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது. உடனே மூளை உடலைத் தட்டி எழுப்புகிறது. ஒரு திணறலுடன் மூச்சு மீண்டும் ஓடுகிறது. உறங்குபவர் இதனைப் பெரும்பாலும் உணர்வதில்லை. சற்று நேரத்தில் மீண்டும் அதே கதை தொடர்கிறது.

குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடையையே மருத்துவர்கள் கணக்கில் சேர்க்கின்றனர். மூச்சு முழுவதும் நின்றுபோவதும், பாதியாகக் குறைந்துபோவதும் சேர்த்து எண்ணப்படுகின்றன. பெரியவர்களுக்கு, ஒரு மணி நேரத்தில் சராசரியாக 5-க்குக் குறைவான தடைகள் நேர்ந்தால் அது இயல்பு. 5 முதல் 15-க்குள் என்றால் இலேசான நோய். 15 முதல் 30-க்குள் என்றால் நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. இந்த எண்ணை நாம் ‘மணித் தடை எண்’ என்று அழைப்போம். இப்பாடம் முழுவதும் இவ்வெண் நமக்குத் துணை நிற்கும்.

தோட்டத் தொழிலாளர்களாகிய நமக்கு இந்நோய் பிறரைக் காட்டிலும் கூடுதலான ஆபத்தைத் தருகிறது. நாம் இருள் பிரியுமுன் எழுகிறோம். பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் விரைகிறோம். கூரிய உளியைக் கையாள்கிறோம். நம்மில் சிலர் டிராக்டரும் லோரியும் ஓட்டுகின்றனர். சிலர் இரவில் ஜாகா வேலை பார்க்கின்றனர். ஒரு கணம் கண் அயர்ந்தாலும் போதும். உயிருக்கே இழப்பு நேரலாம். மேலும், இந்நோயை நெடுநாள் கவனியாது விட்டவர்களிடையே உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

சிகிச்சையின் வகைகள்

முதலாவது, காற்றழுத்தக் கருவி. ‘சிபேப்’ என்று மருத்துவமனையில் வழங்கப்படும் இயந்திரம் இதுவே. முகக்கவசத்தின் வழியாக மென்மையான காற்றை இடைவிடாது செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாதபடி இது தாங்கி நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ஆம் ஆண்டில் இம்முறையை உலகுக்கு அறிவித்தனர். அதற்கு முன்னர், கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்துவதே உறுதியான சிகிச்சையாக இருந்தது.

இரண்டாவது, கீழ்த்தாடையைச் சற்று முன்னோக்கி நிறுத்தும் வாய்க்கருவி. பல் மருத்துவர் அளவெடுத்து இதனைச் செய்து தருவார். மூன்றாவது, அறுவைச் சிகிச்சை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தொண்டைச் சதையையும் மூக்கின் பின்னுள்ள சதையையும் அகற்றுவதே முதற் சிகிச்சையாகும். நான்காவது, உடல் எடையைக் குறைத்தல், மதுவை விலக்குதல், ஒருக்களித்துப் படுத்தல் முதலிய வாழ்க்கை மாற்றங்கள். உடற்பருமன் உடையவர்களின் நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செபடைட் என்னும் ஊசி மருந்தை 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்தது.

இவற்றுள் எந்தச் சிகிச்சையைப் பெற்றாலும், பலனை அறிவதற்கு நான்கு சாட்சிகளை நாம் விசாரிக்க வேண்டும். ஒரு சாட்சி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

முதற் சாட்சி: நமது பகற்பொழுது

சிகிச்சை சரிவர நடந்தால் காலையில் எழும்போது தலை தெளிவாக இருக்கும். முன்பு விடியற்காலையில் வந்த தலைவலி குறையும். இரவில் மும்முறை, நான்முறை சிறுநீர் கழிக்க எழுந்தவர்கள் ஒரு முறையோ, எழாமலோ உறங்குவர். மூச்சுத்தடை ஏற்படும்போது இதயத்தின் மீது ஏற்படும் இழுவிசை, சிறுநீரை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. தடை நீங்கினால் அதுவும் குறைகிறது. எரிச்சலும் மறதியும் தணியும்.

பகல் உறக்கத்தை அளக்க மருத்துவர்கள் எப்வர்த் அளவுகோல் என்னும் வினாத்தாளைப் பயன்படுத்துகின்றனர். மெல்பர்ன் நகர மருத்துவர் மர்ரே ஜான்ஸ் இதனை 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். படித்துக்கொண்டிருத்தல், தொலைக்காட்சி பார்த்தல், பிறர் ஓட்டும் வாகனத்தில் பயணம் செய்தல் போன்ற 8 சூழ்நிலைகளில் கண் அயர்ந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு 0 முதல் 3 வரை புள்ளியிட வேண்டும். மொத்தம் 24 புள்ளி. 10-க்கு மேற்பட்டால் பகல் உறக்கம் மிகுதி என்று பொருள். சிகிச்சைக்கு முன் 16 பெற்ற ஒருவர் மூன்று மாதத்தில் 8 பெற்றால், சிகிச்சை அவருக்கு உதவுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். சுகாதார நிலையத்தில் இவ்வினாத்தாளைக் கேட்டு வாங்கி நிரப்பலாம்.

ஆனால், இந்தச் சாட்சிக்கு ஒரு குறையுண்டு. பல ஆண்டுகள் களைப்போடு வாழ்ந்தவர் களைப்பையே இயல்பு என்று கருதிவிடுவார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டே பேருந்தில் ஏறியதும் உறங்கிப்போவார். ஆதலால் அடுத்த சாட்சியையும் அழைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் சாட்சி: வீட்டார்

நாம் உறங்கும்போது நம்மைக் காணக்கூடியவர் அருகில் இருப்பவரே. மனைவியோ, கணவரோ, மகனோ சொல்லும் செய்தி விலைமதிப்பற்றது. குறட்டை நின்றதா? மூச்சு நின்று, பிறகு திணறி எழும் நிலை இன்னும் உண்டா? கவசத்தை எத்தனை மணிக்குக் கழற்றிவிடுகிறார்? காற்று ‘உஸ்’ என்று கசியும் ஓசை கேட்கிறதா? கை கால்களை உதறிக்கொள்கிறாரா?

காற்றழுத்தக் கருவி பொருத்தமாக அமைந்தால் குறட்டை முதல் இரவிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். கவசம் அணிந்திருக்கும்போதே குறட்டை கேட்டால், காற்றழுத்தம் போதவில்லை அல்லது காற்று வெளியே கசிகிறது என்று கொள்ள வேண்டும்.

வாய்க்கருவி அணிந்தவர்களும் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் இங்கே ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ள வேண்டும். குறட்டை நின்றுவிட்டால் நோயும் நின்றுவிட்டது என்று எண்ணுதல் கூடாது. ஓசை எழுப்பிய சதை நீங்கியிருக்கலாம். தடை வேறிடத்தில் தொடரலாம். ஓசையில்லாத் தடையை வீட்டாரும் கவனிக்கத் தவறுவர். எனவே, இவ்விரு சிகிச்சைகளுக்கும் பிறகு, சில மாதங்கள் கழித்து, மீண்டும் ஓர் உறக்கச் சோதனை செய்துகொள்வதே முறை. வாய்க்கருவி உடையவர் அச்சோதனையின்போது கருவியை அணிந்தே உறங்க வேண்டும்.

மூன்றாம் சாட்சி: இயந்திரத்தின் கணக்கு

இக்காலத்துக் காற்றழுத்தக் கருவிகள் ஒவ்வோர் இரவின் கணக்கையும் பதிந்து வைக்கின்றன. காலையில் அதன் திரையைப் பார்த்தால் மூன்று செய்திகள் தெரியும். எத்தனை மணி நேரம் இயங்கியது. கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்தியிருந்ததா. மணித் தடை எண் எவ்வளவு. சிகிச்சை நடைபெறும்போது மணித் தடை எண் 5-க்குக் கீழே இருப்பதே இலக்காகும்.

ஓர் இரவின் எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டாம், மனம் கலங்கவும் வேண்டாம். ஒரு நாள் மழையால் வெட்டு கெட்டுப்போனால், அந்த மாதமே கெட்டது என்று நாம் சொல்வதில்லை அல்லவா? ஒரு வாரத்தின் சராசரியையும், ஒரு மாதத்தின் சராசரியையும் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணில் மறைந்திருக்கும் ஒரு கணக்கை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். இயந்திரம், தான் இயங்கிய நேரத்தில் நேர்ந்த தடைகளை மட்டுமே எண்ணுகிறது. கவசத்தைக் கழற்றி வைத்த பின்னர் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

மரம் சீவும் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்வோம். சிகிச்சைக்கு முன் அவருடைய மணித் தடை எண் 40. இரவு 9 மணிக்குக் கவசம் அணிந்து உறங்குகிறார். நள்ளிரவு 1 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவர், திரும்பி வந்து கவசம் அணியாமலே படுத்துவிடுகிறார். 4 மணிக்கு எழுகிறார். இயந்திரம் 4 மணி நேரம் இயங்கியதாகவும், மணித் தடை எண் 3 என்றும் காட்டுகிறது. அவர் மனம் நிறைவடைகிறார். ஆனால் உண்மைக் கணக்கு யாது?

கவசத்தோடு உறங்கிய 4 மணி நேரத்தில் 12 தடைகள். கவசமின்றி உறங்கிய 3 மணி நேரத்தில், மணிக்கு 40 வீதம், 120 தடைகள். மொத்தம் 132. இதனை 7 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 19 தடைகள். அதாவது, இயந்திரம் 3 என்று காட்டினாலும், அவர் இன்னும் நடுத்தர நோயாளியாகவே உறங்கி எழுகிறார்.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. கனவு காணும் உறக்கம் இரவின் பிற்பகுதியிலேயே மிகுதியாக வருகிறது. அவ்வேளையில் தசைகள் மிகவும் தளர்வதால், பலருக்குத் தடைகள் நீண்டும் அடிக்கடியும் நேர்கின்றன. ஆகவே, நள்ளிரவுக்குப் பின் கவசத்தைக் கழற்றுபவர், மிகவும் தேவைப்படும் வேளையில் மருந்தை விலக்குபவருக்கு ஒப்பாவார்.

இரவில் 4 மணி நேரத்திற்குக் குறையாமல், 10 இரவுகளில் 7 இரவுகளேனும் பயன்படுத்துவதை மருத்துவமனைகள் ‘ஒழுங்கான பயன்பாடு’ என்று பதிவு செய்கின்றன. அது தேர்வில் தேறுவதற்கான குறைந்த அளவு மட்டுமே. உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே நாம் கொள்ள வேண்டிய குறிக்கோள்.

நான்காம் சாட்சி: மருத்துவச் சோதனைகள்

இரத்த அழுத்தத்தைப் பலரும் ஓர் அளவுகோலாகக் கருதுகின்றனர். காற்றழுத்தச் சிகிச்சையால் இரத்த அழுத்தம் குறைவது உண்மையே. ஆனால், சராசரியாக 2 அல்லது 3 புள்ளியே குறைகிறது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத அழுத்தம் உடையவர்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம். எனவே, கருவியை அணியத் தொடங்கியதும் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது பெரும் பிழையாகும். மாத்திரையைக் குறைப்பதா, வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இதயத்தைப் பற்றியும் உண்மையை உள்ளபடி கூற வேண்டும். இதய, மூளை இரத்தக்குழாய் நோய் ஏற்கனவே இருந்த 2,717 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காற்றழுத்தக் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், கருவி பெற்றவர்களின் பகல் உறக்கம் குறைந்தது, மனநிலை சீரடைந்தது. அவ்வாய்வில் கருவியைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே பயன்படுத்தினர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே, கருவியை அணிவதால் இதயத்திற்கு வேறு பாதுகாப்பே வேண்டியதில்லை என்று நாம் இருந்துவிடக் கூடாது. புகையை விடுதல், சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுப்படுத்துதல், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல் ஆகியவை தொடர வேண்டும்.

கோவிட் காலத்திற்குப் பிறகு, விரலில் மாட்டி உயிர்வளியை அளக்கும் சிறு கருவி பல இல்லங்களில் காணப்படுகிறது. பகலில் விழித்திருக்கும்போது அது 98 என்று காட்டினால், “எனக்கு மூச்சுத்தடை இல்லை” என்று கருதுவது தவறு. இந்நோய் உறங்கும்போது மட்டுமே தலைகாட்டுவது. இரவு முழுவதும் பதிவு செய்யும் கருவியே இதற்குப் பயன்படும்.

பலன் குன்றினால் காரணம் யாது?

சிகிச்சை பெற்றும் களைப்பு நீங்கவில்லையெனில், பின்வரும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

முதலாவதாக, உறங்கும் நேரமே போதாதிருக்கலாம். நள்ளிரவு வரை தொலைக்காட்சியும் கைப்பேசியும் பார்த்துவிட்டு நான்கு மணிக்கு எழுபவருக்கு, எந்த இயந்திரமும் உதவாது. நாலரைக்குப் பெரட்டு என்றால், எட்டரை, ஒன்பது மணிக்குள் படுக்கைக்குச் செல்வதே தக்கது.

இரண்டாவதாக, காற்றுக் கசிவு. காலையில் வாய் வறண்டிருந்தால், காற்று வாய்வழியே வெளியேறுகிறது. கண்கள் சிவந்து எரிந்தால், கவசத்தின் மேற்புறம் கசிகிறது. முகத்தில் தேய்த்த எண்ணெயும் வியர்வையும் கவசத்தின் விளிம்பை வழுக்கச் செய்யும். ஆதலால் படுக்குமுன் முகத்தைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கவசத்தின் விளிம்பை நாள்தோறும் துடைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். நாடாவை இறுக்கிக் கட்டுவதால் கசிவு நிற்கும் என்று எண்ணுவோர் பலர். அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு மடங்கிக் கசிவு மிகுவதோடு, மூக்குத் தண்டில் புண்ணும் ஏற்படும். கவசத்தின் அளவு பொருந்தாவிடில் மாற்றிக் கேட்பதே வழி.

மூன்றாவதாக, மூக்கடைப்பு. மூக்கு அடைத்திருந்தால் கருவியைத் தாங்க முடியாது. ஒவ்வாமைக்கு முறையான சிகிச்சை பெற வேண்டும். கொசுவர்த்திச் சுருளை இயந்திரத்தின் அருகில் கொளுத்தி வைத்தல் கூடாது. அந்தப் புகையையும் சேர்த்தே இயந்திரம் இழுக்கும். கொசுவலை மேலானது. காற்று வடிகட்டியில் தூசி படிந்து கறுத்தால் மாற்றிவிட வேண்டும். ஈரப்பதத் தொட்டியில் நேற்றைய நீரை விட்டுவைக்காமல், காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் புதிதாக ஊற்ற வேண்டும்.

நான்காவதாக, மதுவும் மயக்கம் தரும் மருந்துகளும். கள்ளோ, சம்சுவோ, பீரோ எதுவாயினும், இரவில் அருந்தினால் தொண்டைத் தசைகள் மேலும் தளர்கின்றன. “குடித்தால் நன்றாக உறக்கம் வருகிறது” என்பது மயக்கமேயன்றி நல்லுறக்கமன்று. சில உறக்க மாத்திரைகளும் கடுமையான வலி நிவாரணிகளும் இவ்வாறே கேடு செய்யும். சில சளி மருந்துகள் மறுநாள் பகலிலும் தூக்கத்தைத் தரும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஐந்தாவதாக, உடல் எடை மாறியிருத்தல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 690 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, எடை 10 விழுக்காடு கூடினால் மணித் தடை எண் ஏறத்தாழ 32 விழுக்காடு கூடுகிறது. எடை 10 விழுக்காடு குறைந்தால் அவ்வெண் ஏறத்தாழ 26 விழுக்காடு குறைகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ கூடினால், முன்பு பொருத்திய காற்றழுத்தம் இப்போது போதாமற் போகலாம். எடை நன்கு குறைந்தவரும் மறுசோதனை செய்துகொள்ள வேண்டும். அதுவரை கருவியை விடலாகாது.

ஆறாவதாக, வேறு நோய்கள். இரத்தச்சோகை, தைராய்டு சுரப்பிக் குறைவு, மனச்சோர்வு, கட்டுக்கடங்காத நீரிழிவு ஆகியவையும் களைப்பைத் தரும். மணித் தடை எண் நன்றாக இருந்தும், போதிய நேரம் உறங்கியும் களைப்பு நீங்காவிடில், இவற்றை ஆராயுமாறு மருத்துவரைக் கேட்க வேண்டும். சிலருக்குத் தொண்டை அடைபடாமலே, மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை வராமல் நின்றுவிடும் மற்றொரு வகை மூச்சுத்தடையும் உண்டு. கவசம் நன்கு பொருந்தியும் மணித் தடை எண் தொடர்ந்து உயர்ந்தே நின்றால், குறிப்பாக இதய நோயுள்ளவர்கள், தாமதியாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பழைய இயந்திரங்களை இரண்டாங் கையாக வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. ஓசையைக் குறைக்க உள்ளே வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்பதால், 2021-ஆம் ஆண்டில் சில வகை இயந்திரங்கள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. வரிசை எண்ணைக் காட்டி உறுதி செய்துகொள்ளாமல் வாங்குதல் கூடாது. மேலும், பிறருக்காக அமைக்கப்பட்ட அழுத்தம் நமக்குப் பொருந்தாது.

குணமான பின் நிறுத்தலாமா?

இவ்வினாவைப் பலரும் கேட்கின்றனர். மூன்று மாதம் கருவியை அணிந்து உற்சாகம் பெற்றவர், “இனி எதற்கு?” என்று நினைப்பது இயல்பே. ஆனால், காற்றழுத்தக் கருவி தொண்டையின் அமைப்பை மாற்றுவதில்லை. அணிந்திருக்கும் வரை மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவதைப் போல, கருவியை நிறுத்திய சில இரவுகளுக்குள் தடைகள் திரும்பி வருகின்றன. களைப்பு சற்றுத் தாமதித்து வருவதால், நிறுத்தியவர் தாம் குணமடைந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். அந்த இடைக்காலத்தில்தான் இருள் நீங்காத தோட்டச் சாலையில் விபத்து காத்திருக்கிறது.

குழந்தைகளின் நிலை வேறு. சதை அகற்றிய பின்னர் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். ஆயினும், சிகிச்சைக்குப் பிறகும் குறட்டை தொடர்ந்தாலோ, பிள்ளை வாய்வழியே மூச்சுவிட்டு உறங்கினாலோ, பள்ளியில் கவனம் சிதறுவதாக ஆசிரியர் கூறினாலோ, மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஒரு குறிப்பேடு போதும்

சிகிச்சையின் பலனை அறிய ஒரு பள்ளிக் குறிப்பேடும் பேனாவும் போதும். நாள்தோறும் காலையில் ஐந்து செய்திகளை எழுதிவர வேண்டும். படுத்த நேரமும் எழுந்த நேரமும். கவசம் அணிந்திருந்த நேரம். இயந்திரம் காட்டிய மணித் தடை எண். இரவில் எழுந்த தடவைகள். பகலில் கண் அயர்ந்ததா என்பது. வாரத்திற்கு ஒருமுறை உடல் எடையையும், வீட்டார் கண்ட செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்க இயலாதவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதி உதவலாம்.

மறுமுறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, இக்குறிப்பேட்டையும், உட்கொள்ளும் மருந்துகளையும், இயந்திரத்தையும் அல்லது அதன் கணக்கு பதிந்த அட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும். “எப்படி இருக்கிறது?” என்று மருத்துவர் கேட்டால், “பரவாயில்லை” என்று ஒரு சொல்லில் விடை கூறித் திரும்பும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அந்த ஒரு சொல்லைக் கொண்டு அவரால் எதையும் திருத்த இயலாது. குறிப்பேடு பேசினால், அவர் அழுத்தத்தைத் திருத்துவார், கவசத்தை மாற்றுவார், தேவையெனில் மறுசோதனைக்கு அனுப்புவார். வேறு நோய்க்காக அறுவைச் சிகிச்சைக்குச் செல்ல நேரிட்டால், மயக்க மருந்து கொடுக்குமுன் மூச்சுத்தடை நோய் உண்டென்று கூறி, கருவியையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. குறட்டை நின்றதை மட்டும் கொண்டு பலனை முடிவு செய்யலாகாது.

2. சிகிச்சையின்போது மணித் தடை எண் 5-க்குக் கீழிருத்தல் வேண்டும். அதனை, கவசம் அணிந்திருந்த நேரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

3. இரவில் எழுந்து வந்தால், கவசத்தை மீண்டும் அணிந்தே படுக்க வேண்டும்.

4. கவசம் அணிந்தும் குறட்டை, திணறல், காலைத் தலைவலி, பகல் உறக்கம் திரும்பினால் மருத்துவரைக் காண வேண்டும்.

5. கண் அயரும் நிலையில் மோட்டார் சைக்கிளோ, டிராக்டரோ ஓட்டக் கூடாது. அன்று கங்காணியிடம் கூறி வேறு வேலை கேட்பதில் வெட்கமில்லை.

சிந்திக்கச் சில வினாக்கள்

சென்ற வாரம் நாம் கவசத்தை எத்தனை மணி நேரம் அணிந்தோம்? எத்தனை மணி நேரம் உறங்கினோம்? இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? நமது உறக்கத்தைப் பற்றி வீட்டாரிடம் கடைசியாக எப்போது கேட்டோம்?

இவ்வினாக்களுக்கு இன்றிரவே விடை தேடத் தொடங்குவோம். மங்கில் விழும் ஒவ்வொரு துளிப் பாலுக்கும் கணக்கு வைக்கப் பழகியவர்கள் நாம். நம் உயிர்மூச்சுக்கும் அதே போன்று ஒரு கணக்கு வைப்போமாயின், விடியற்காலையில் தெளிந்த தலையோடு வேலைக்குச் சென்று, நலமாக வீடு திரும்புவோம். நமக்காகக் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு நாம் செய்யும் கடமையும் அதுவே.